ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும்!

காலையில் பைசா. மதியம் சியனா. மாலையில் கடற்கரை. இரவு மறுபடியும் பிளாரன்ஸ்!

இத்தாலிக்குப் போகும் பல குடும்பங்கள் இப்படித்தான் திட்டம் போடுகின்றன.

திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். கால்கள் ஒப்புக்கொள்ள வேண்டாமா?

"இவ்வளவு பணம் செலவழித்துப் போகிறோம். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால், கணக்கு வேறு.

பிளாரன்சிலிருந்து பைசாவுக்கு ரெயிலில் சுமார் 1 மணி நேரம். அங்கிருந்து சியனா போய், பிளாரன்ஸ் திரும்ப இன்னும் 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரெயிலுக்குக் காத்திருக்கும் நேரம் தனி.

பாட்டி களைத்துப் போவார். குழந்தை அழும். ஊர் எங்கே மனதில் நிற்கும்?

ஜோடி ஊர்கள்

ஒரே நாளில் இரண்டு ஊர் பார்த்தே தீர வேண்டுமா? அதற்கு ஏற்றவை லூக்காவும் பைசாவும்தான். இரண்டுக்கும் இடையே ரெயிலில் சுமார் அரை மணி நேரம்தான்.

முதலில் லூக்கா போகலாம். ஊரைச் சுற்றி சுமார் 4 கிலோ மீட்டர் நீளக் கோட்டை மதில் இருக்கிறது. அதன் மேலேயே மர நிழலில் நடக்கலாம்.

பிறகு பைசா. சான் ரொசோரே என்ற சிறு நிலையத்தில் இறங்கினால் சாய்ந்த கோபுரம் பக்கம்.

1173-ல் கட்டத் தொடங்கிய கோபுரம் அது. சாய்வு ஆபத்தானதால் 1990-ல் மூடினார்கள். சரி செய்து 2001-ல் திறந்தார்கள்.

8 வயதுக்குக் குறைந்த குழந்தைகளைக் கோபுரத்தில் ஏற விடமாட்டார்கள். இதை வீட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது!

ரெயிலா, பஸ்சா?

எல்லா ஊருக்கும் ரெயில்தான் வசதி என்று நினைப்பதும் தவறு.

சியனா மலை மேல் இருக்கிறது. ரெயில் நிலையம் அடிவாரத்தில் இருக்கிறது. ஆகவே, அங்கே போக பஸ்சே மேல். அது ஊருக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும்.

அபராதம் வேண்டாம்

சாதாரண ரெயிலுக்கு முன்பதிவு தேவையில்லை. கட்டணமும் நாளுக்கு நாள் ஏறாது. பக்கத்து ஊர்களுக்கு அதுவே போதும்.

ஆனால், காகித டிக்கெட்டை ஏறும் முன்பே நிலையத்திலுள்ள இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். மறந்தால் அபராதம்!

பெயர்ப் பலகையில் "பிளாரன்ஸ்" என்று இருக்காது. "பிரென்சே" என்றுதான் இருக்கும். சாந்தா மரியா நோவெல்லா என்பதே நகரின் பெரிய நிலையம்.

எந்த ஊருக்குப் போனாலும், இறங்கியவுடன் திரும்பி வரும் கடைசி ரெயிலின் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேலை நிறுத்தம் உண்டா என்று முதல் நாளே விசாரிக்க வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது.

நான்கு ஊர்களை ஓடிப் பார்த்தவரிடம் படங்கள் இருக்கும். ஓர் ஊரை உட்கார்ந்து பார்த்தவரிடம்தான் சொல்வதற்குக் கதை இருக்கும்!