பந்தா, பாடமா?

"பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாய். இனி விளையாட்டையெல்லாம் மூட்டை கட்டி வை!" இந்த வாக்கியத்தைக் கேளாத மாணவி நம்மில் எவரும் இரார். வீட்டில் அம்மா சொல்வார். பக்கத்து வீட்டு அத்தை சொல்வார். டியூஷன் அக்காவும் சொல்வார். எல்லாரும் நம்மீது கொண்ட அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அன்பினால் சொல்லப்படுவது எல்லாம் சரியாகத்தான் இருக்குமா? பந்தும் பாடமும் ஒன்றுக்கொன்று பகையா? கூடைப்பந்து என்னும் ஒரு விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கேள்விக்கு விடை காண விழைகிறேன்.

முதலில் ஓர் உண்மையை நினைவில் கொள்வோம். கூடைப்பந்து தெருவிலோ திருவிழாவிலோ பிறந்த ஆட்டம் அன்று. பள்ளியில் பிறந்த ஆட்டம். 1891-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் வெளியே போக முடியாத தம் மாணவர்களுக்காக இதனைக் கண்டுபிடித்தார். பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளை மாடத்தின் விளிம்பில் மாட்டிப் பந்தை எறியச் சொன்னார். ஆண்களுக்கென்று பிறந்த ஆட்டம் விரைவிலேயே பெண்களிடமும் வந்து சேர்ந்தது. 1893-இல் ஸ்மித் கல்லூரி மாணவியர் செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியையின் மேற்பார்வையில் போட்டி ஆடினர். ஆசிரியர்களே உண்டாக்கி மாணவியர்க்குத் தந்த ஓர் ஆட்டம் படிப்புக்கு எப்படிப் பகையாகும்?

இந்த ஆட்டம் நம் வட சென்னைக்கு மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து. கிரிக்கெட்டுக்கும் ஹாக்கிக்கும் பரந்த மைதானம் வேண்டும். இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் போதும். பத்தடி உயரத்தில் இரு வளையங்கள், ஒரு பந்து, பத்துப் பேர். இவ்வளவுதான் செலவு.

ஆனால் அந்தச் சிறு இடமும் பெண்களுக்கு எங்கே கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நம் தம்பிமார்களுக்குக் காசிமேட்டு மணல் இருக்கிறது, தெரு இருக்கிறது, விடுமுறை நாளில் பூட்டிக் கிடக்கும் கிடங்கின் முன்புறம் இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றாலும் அவர்கள் சந்து பொந்துகளில் ஆடி முடித்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புவார்கள். நாமோ பெரியவளான பிறகு தெருவில் ஓடினாலே, "பெண்பிள்ளைக்கு என்ன ஓட்டம்?" என்பார்கள். ஆகவே நமக்குள்ள ஒரே மைதானம் பள்ளி மைதானம். ஒரு பையன் பள்ளி அணியிலிருந்து விலகினால் அவனுடைய ஆட்டம் இடம் மாறுகிறது. ஒரு பெண் விலகினால் அவளுடைய ஆட்டம் முடிந்தே போகிறது. பத்தாம் வகுப்பில் பந்தைக் கீழே வைக்கும் பெண் அதை மறுபடியும் எடுப்பது அரிது. இதனால்தான் இதனைச் சிறிய விஷயமாக நான் கருதவில்லை.

அயல்நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அணி, பிறகு கல்லூரி அணி, அதன்பின் தொழில்முறை அணி என்று படிப்படியாக ஏணி வைத்திருக்கிறார்கள். நன்றாக ஆடும் மாணவிக்குக் கல்லூரிச் செலவு முழுவதையும் உதவித்தொகையாகத் தருவதும் உண்டு. இந்த ஏணியும் பெண்களுக்குத் தானாகக் கிடைத்ததன்று. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்று வேற்றுமை பாராட்டக் கூடாது என்று 1972-இல் 'டைட்டில் நைன்' என்னும் சட்டம் வந்தது. அதற்கு முன் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் சுமார் 3 இலட்சம் பேர். இன்று அவர்கள் 30 இலட்சத்துக்கும் மேல். பெண்களின் கால்கள் திடீரென்று வலுப்பெற்றுவிடவில்லை. கதவு திறந்தது, அவ்வளவே.

அந்த ஏணியில் ஏறுவோர்க்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. படிக்காதவர் ஆட முடியாது! அங்குள்ள தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிப்படி, முதல் பிரிவுக் கல்லூரியில் ஆட விரும்புவோர் பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். அவற்றில் நான்குக்கு 2.3 என்ற சராசரியாவது பெற்றிருக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்த பிறகும், போட்டிப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சிக்கு அழைக்கக் கூடாது. மீதி நேரம் படிப்புக்கு உரியது. நம் நாட்டில் "படிக்க வேண்டுமா? ஆடாதே" என்கிறோம். அவர்கள் "ஆட வேண்டுமா? படி" என்கிறார்கள். இரண்டுக்கும் எத்துணை வேறுபாடு!

இந்த விதியின் கடுமையை நம் நாட்டு இளைஞர் ஒருவரின் வரலாறு காட்டும். பஞ்சாபில் பல்லோகே என்னும் சிற்றூரில் விவசாயியின் மகனாகப் பிறந்தவர் சத்னாம் சிங். ஏழடிக்கு மேல் உயரம். லூதியானா கூடைப்பந்துப் பயிற்சி நிலையத்தில் அவரைச் செதுக்கியவர் டாக்டர் எஸ். சுப்பிரமணியன். 2010-இல் இந்தியாவிலிருந்து நான்கு சிறுவர்களும் நான்கு சிறுமியரும் தேர்ந்தெடுக்கப்பட்டு, புளோரிடா மாநிலத்திலுள்ள ஐ.எம்.ஜி. அகாடமி என்னும் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் சத்னாமும் ஒருவர். அப்போது அவருக்கு வயது பதினான்கு, ஆங்கிலம் தெரியாது. பகலெல்லாம் வகுப்பறையில் மொழியோடும், மாலையில் ஆடுகளத்தில் தம் உடம்போடும் போராடினார். ஆனால் கல்லூரி அணிக்கு வேண்டிய கல்வித் தகுதி அவருக்கு எட்டவில்லை. எனவே கல்லூரி என்னும் படியில் கால் வைக்காமலே 2015-இல் என்.பி.ஏ. தேர்வுக்குப் பெயர் கொடுத்தார். டல்லஸ் மேவரிக்ஸ் அணி 52-ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதல் முறை.

நாடே மகிழ்ந்தது. ஆனால் பின்கதையையும் சொல்லத்தான் வேண்டும். துணை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில் அவர் ஆடினார், என்.பி.ஏ. பருவ ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 2020-இல் ஊக்கமருந்து விதியின்கீழ் அவருக்கு இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் தொழில்முறை மல்யுத்த மேடைக்குச் சென்றார். அவரைக் குறை கூற இதனை எழுதவில்லை. பதினான்கு வயதில் மொழி தெரியாத நாட்டுக்குப் போன துணிவுக்கு நாம் தலைவணங்க வேண்டும். ஆனால் ஏணியில் ஒரு படி விடுபட்டால் அடுத்த படிக்குத் தாவுவது எத்தனை கடினம் என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறதன்றோ? அந்த விடுபட்ட படி, படிப்பு.

அதே 2010-இல் புளோரிடா சென்ற சிறுமியருள் ஒருவரான கவிதா அகுலா, பின்னர் அரிசோனாவிலுள்ள கிராண்ட் கேன்யன் பல்கலைக்கழக அணியில் இடம் பெற்றார். பெங்களூரைச் சேர்ந்த சஞ்சனா ரமேஷ் 2019-இல் வட அரிசோனா பல்கலைக்கழகத்திலும், ஹர்சிம்ரன் கௌர் 2020-இல் சான் டியேகோ பல்கலைக்கழகத்திலும் இடம் பெற்றனர். இப்பெண்களின் பெயர்கள் செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வருவதில்லை. ஆனால் பந்தோடு பட்டத்தையும் தேடிச் சென்றவர்கள் இவர்கள். என் மனத்தில் இவர்களுக்கே முதலிடம்.

"அதெல்லாம் அமெரிக்கா. நமக்கு விமான டிக்கெட் வாங்கவே வழியில்லையே" என்று தோழியர் சிலர் சொல்லக் கூடும். நியாயமான கேள்விதான். அவர்களுக்கு அனிதா பால்துரையைக் காட்டுகிறேன். சென்னையில் 1985-இல் பிறந்து, பதினொரு வயதில் கூடைப்பந்தைத் தொட்டவர் அவர். 2000-ஆம் ஆண்டிலிருந்து பதினெட்டு ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடினார். பத்தொன்பது வயதிலேயே அணித்தலைவி ஆனார். ஆசியக் கோப்பைப் போட்டிகளில் தொடர்ந்து ஒன்பது முறை பங்கேற்றார். திருமணமாகித் தாயான பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வென்று முதலிடம் பெற்றபோது அவரும் அணியில் இருந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது. இத்தனைக்கும் அவர் அமெரிக்கப் பள்ளி எதிலும் படித்தவர் அல்லர்.

அனிதாவுக்கு வேலை கொடுத்தது தெற்கு ரயில்வே. கேரளத்திலிருந்து வந்து, 2011-இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை அணிகளின் தேர்வுக்கு அழைக்கப்பட்ட கீது அன்னா ஜோஸும் தெற்கு ரயில்வே வீராங்கனையே. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது நம் இராயபுரம் நிலையத்திலிருந்துதான். அந்த ரயில்வே விளையாடும் பெண்களுக்குச் சோறு போடுகிறது என்பது, "விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்போர்க்குத் தக்க விடையாகும்.

கூடைப்பந்தை விட்டுப் பார்த்தாலும் நம் பகுதிப் பெண்கள் சளைத்தவர்கள் அல்லர். வியாசர்பாடி இளவழகி 2008-இல் பிரான்சு நாட்டில் கேரம் உலகச் சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். கேரம் பலகை வீட்டுக்குள்ளும் மன்றத்துக்குள்ளும் அடங்குவது. பெண் ஆட இடம் கிடைத்தது. இடம் கிடைத்த இடத்தில் நம் பெண்கள் உலகை வென்றார்கள் என்பதே இதிலிருந்து நான் கற்ற பாடம்.

இனி எதிர்ப்பக்கத்து வாதத்தையும் பார்ப்போம். "ஆயிரம் பேர் ஆடினால் ஒருத்திதான் அனிதா ஆவாள். மற்றவர்கள் மதிப்பெண்ணையும் இழந்து நிற்பார்கள்" என்பார்கள். முதல் பாதி முற்றிலும் உண்மை. அமெரிக்காவிலேயே பள்ளியில் கூடைப்பந்து ஆடும் பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடக் கல்லூரிச் சங்க அணிகளுக்குப் போவதில்லை. ஆனால் கணக்குப் பாடம் படிக்கும் எல்லாரும் இராமானுஜன் ஆகிவிடுவதில்லையே! அதற்காகக் கணக்கை நிறுத்திவிடுகிறோமா? பந்து கைக்கு வந்தால் 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும். தனக்கு வழியில்லை என்றால் தோழிக்குக் கொடுத்தாக வேண்டும். தோற்றாலும் எதிரணியோடு கை குலுக்கியாக வேண்டும். மீன்பிடிப்பவரின் மகளும், துறைமுகத்தில் கணக்கு எழுதுபவரின் மகளும், அனல்மின் நிலையத்து ஊழியரின் மகளும் ஒரே வண்ணச் சட்டை அணிந்து ஒருவர் பெயரை ஒருவர் கூவி அழைப்பது வேறு எந்த வகுப்பில் நடக்கிறது?

இரண்டாம் பாதியை நான் ஏற்கவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் ஆடியவள் இரவில் களைத்துப் போவாள் என்கிறார்கள். ஆடாதவள் அந்த ஒரு மணி நேரத்தைப் புத்தகத்தோடுதான் கழிக்கிறாளா? தொலைக்காட்சித் தொடருக்கும் கைப்பேசிக்கும் போகும் நேரத்தை எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. பந்துக்குப் போகும் நேரம் மட்டும் உடனே கணக்கில் ஏறிவிடுகிறது!

ஆகவே பெரியோர் முன் பணிவோடு சில வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, உடற்பயிற்சிப் பாட வேளையை வேறு பாடத்துக்குக் கடன் வாங்க வேண்டாம். வாங்கிய கடன் எந்தப் பள்ளியிலும் திருப்பித் தரப்படுவதில்லை! இரண்டாவது, பத்தாம் வகுப்பு மாணவியரை அரையாண்டுத் தேர்வு வரையிலாவது அணியில் வைத்திருக்க வேண்டும். மதிப்பெண் குறைந்தால், அமெரிக்க விதிபோல, தேறும்வரை களத்துக்கு வெளியே உட்கார வைக்கலாம். அதைவிடச் சிறந்த தூண்டுகோல் எங்களுக்கு வேறில்லை. மூன்றாவது, திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் பஸ் ஏறும் மாணவியர் இருட்டுமுன் சேர்ந்து வீடு போகும்படி பயிற்சி நேரத்தை அமைக்க வேண்டும். அந்த அச்சம் நீங்கினால் பாதி அம்மாக்கள் சம்மதித்துவிடுவார்கள். நான்காவது, பெற்றோர் ஆண்டுக்கு ஒருமுறையாவது நாங்கள் ஆடுவதை வந்து பார்க்க வேண்டும். பரிசளிப்பு விழாவுக்கு மட்டும் வந்தால் கோப்பை தெரியும், ஓட்டம் தெரியாது.

தோழியரே! இந்திய ஆண்கள் கூடைப்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது 1980-இல் மாஸ்கோவில், ஒரே ஒரு முறை. நம் பெண்கள் அணி இன்னும் அந்த வாயிலைத் தாண்டியதே இல்லை. தாண்டப் போகிறவர்கள் எங்கோ ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ இன்று இருக்கக் கூடும். அவர்கள் பத்தாம் வகுப்புக்கு வரும்போது பந்தை மூட்டை கட்டச் சொல்லாமல், புத்தகத்தையும் பந்தையும் ஒரே பையில் வைக்கச் சொல்லிக் கொடுப்போம். பந்தா, பாடமா என்று நம்மைக் கேட்பவர்களுக்கு, இரண்டும் வேண்டும் என்று மரியாதையோடும் துணிவோடும் விடை சொல்வோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு