மின்மிதிவண்டிக்கு வேகம் ஏற்றுவது யாருக்காக?



கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் இப்போது சிறிய மின்மிதிவண்டிகள் மிகுந்து வருகின்றன. இருபது அங்குலத்துக்கு மேற்படாத சக்கரம், மடித்து வைக்கக்கூடிய சட்டம், இருக்கைக்கு அடியில் மின்கலம். லயத்து வீட்டின் ஓரத்தில் அடங்கிவிடும் வண்டி. இதனை நான் வரவேற்கிறேன். 1929-இல் ரசல் என்பார் போ தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல், கொழுந்துக் கூடையைச் சுமந்து இம்மேட்டில் ஏறி இறங்கியவை நம் முன்னோரின் கால்கள். அந்தக் கால்களுக்குச் சற்று ஓய்வு கிடைப்பதை யார் மறுப்பார்?

நான் மறுப்பது வேறொன்றை. வண்டி வாங்கிய மறுவாரமே அதனைப் பட்டறைக்குக் கொண்டுசென்று, வேகக் கட்டுப்பாட்டை நீக்கி, 36 வோல்ட்டு மின்கலத்தை 48 வோல்ட்டாக மாற்றி, அதற்கு 'மேம்பாடு' என்று பெயர் சூட்டுகிறார்களே, அதனைத்தான் மறுக்கிறேன். அந்த வண்டியைத் தொடக்கப்பள்ளி மாணவனிடம் கொடுத்துவிட்டுப் பெருமையுடன் பார்த்து நிற்கும் தந்தையரையும் கண்டிக்கிறேன்.

"மேட்டு நிலமையா! வேகம் கூட்டாவிட்டால் ஏறாது" என்கிறார்கள். வகுப்பறையில் நாம் கற்பிக்கும் கணக்கையே இங்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியும் ஆளும் சேர்ந்து 90 கிலோ என்க. பத்து மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், 250 வாட்டு மோட்டார் தன் முழு ஆற்றலைச் செலுத்தினாலும், மிதிக்காமல் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர்தான் செல்ல இயலும். உராய்வைக் கழித்தால் இன்னும் குறையும். அப்படியானால், 25 கிலோமீட்டரில் குறுக்கிடும் கட்டுப்பாடு ஏற்றத்தில் நம்மைத் தடுப்பதே இல்லை! இறக்கத்திலோ மோட்டாரே தேவையில்லை, மலையே தள்ளிவிடும். எஞ்சியிருப்பது சமதளம் மட்டுமே. இம்மலையில் சமதளம் எங்கே இருக்கிறது? 'தானா ராத்தா' என்னும் ஊர்ப்பெயருக்கே சமநிலம் என்றுதான் பொருள். அங்கிருந்து பிரிஞ்சாங் செல்லும் பெருஞ்சாலையில், விடுமுறை நாளில் சுற்றுலாப் பேருந்துகளுக்கும் மகிழுந்துகளுக்கும் இடையில் பாய்வதற்காகவா இந்த மேம்பாடு?

வேகம் கூடினால் என்ன நேரும்? 25 என்பது 40 ஆகும்போது வேகம் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும். ஆனால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டரை மடங்கைத் தாண்டும். வண்டியை நிறுத்தத் தேவையான தூரமும் அவ்வாறே நீளும். மோட்டாரை மாற்றியவர் பிரேக்கை மாற்றினாரா? சட்டத்தை வலுப்படுத்தினாரா? இல்லை. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், இத்தகைய வண்டியில் ஈரமான வளைவொன்றைத் தாண்ட இயலாமல் தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்தான். கை முறிந்தது. செடி தாங்கியதால் உயிர் பிழைத்தான். வளைவின் மறுபுறம் பள்ளம்.

சட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். மலேசியத் தரநிலை எம்.எஸ். 2514-இன்படி மின்மிதிவண்டிக்கு உச்ச வேகம் 25 கிலோமீட்டர், மோட்டார் 250 வாட்டு, எடை 40 கிலோ. இந்த எல்லையைத் தாண்டிய வண்டி மிதிவண்டியாகக் கருதப்படாது. மின் ஸ்கூட்டர் போன்ற சிற்றூர்திகள் பொதுச்சாலையில் செல்ல 2021 டிசம்பர் 17 முதல் தடையும் உண்டு. மோட்டார் சைக்கிள் உரிமம் பெறவே 16 வயது வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அத்தகைய வண்டியில் ஏற்றி அனுப்புவது எந்த நெறி? விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கு எவரிடம் செல்வோம்?

மின்கலத்தில் இன்னொரு கேடு ஒளிந்திருக்கிறது. 36 வோல்ட்டு லித்தியம் மின்கலம் 42 வோல்ட்டு மின்னேற்றியில் நிறையும். 48 வோல்ட்டுக்கு உரிய 54.6 வோல்ட்டு மின்னேற்றியை அதில் மாற்றிச் செருகினால், பாதுகாப்புச் சுற்று பழுதான கலம் தீப்பற்றக்கூடும். ஒன்றோடொன்று ஒட்டிய லயத்து வீடுகளில், இரவில், வாசலை மறித்து வைத்து மின்னேற்றினால் அந்தத் தீ யாரை விடும்?

வண்டியை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றுங்கள், மலைக்கு ஏற்ப மாற்றுங்கள்.

- முன்பற்சக்கரத்தைச் சிறிதாக்குங்கள். ஏற்றத்தில் மிதிப்பது எளிதாகும்.
- பிரேக் கட்டைகளைத் தேய்வதற்கு முன்பே மாற்றுங்கள்.
- பனிமூட்டத்துக்கு முன்னும் பின்னும் விளக்குப் பொருத்துங்கள்.
- மழைக்குச் சேறுகாப்பும் பட்டையான சக்கர உறையும் இடுங்கள்.
- புத்தகப் பையைத் தாங்கும் கூடை பொருத்துங்கள். தலைக்கவசம் வாங்குங்கள்.

இவையனைத்தும் வேகக் கட்டுப்பாட்டை நீக்கும் ஒரே வேலையைப் போல் நண்பர்களிடம் கைத்தட்டல் வாங்கித் தரமாட்டா. ஆனால் பிள்ளையை வீடு சேர்க்கும். 2025-இல்தான் குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்த ஊதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தை எதில் இடுகிறோம் என்பதைத் தாய்மார்கள் கேட்க வேண்டும்.

ஆசிரியர் நண்பர்களுக்கும் ஒரு சொல். பள்ளி வாயிலில் "வண்டி கொண்டு வராதே" என்று பலகை மாட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. தடுத்தால் பள்ளிக்கு அப்பால் நிறுத்திவிட்டு வருவார்கள். ஒருநாள் அந்த வண்டியையே வகுப்புக்கு முன் நிறுத்துங்கள். விசையையும் வேகத்தையும் உராய்வையும் அதனைக் கொண்டே தமிழில் விளக்குங்கள். ஈர நிலத்தில் அது எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று மாணவர்களையே அளக்கச் சொல்லுங்கள். தன் கையால் அளந்த பிள்ளை எளிதில் ஏமாறாது.

நம் பிள்ளைகள் முன்னேற வேண்டும். முதலில் அவர்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். சிந்திப்போம்.