தொழிற்பட்டம் பெற்றோரை வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையிலிருந்து விலக்கும் விதியை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர்,
பட்டதாரி இளைஞர் சங்கம்,
பெரியபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
அரசு செயலாளர் அவர்கள்,
தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

வழி: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், ராமநாதபுரம்.

பொருள்: வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் – தொழிற்பட்டதாரிகளையும் சேர்க்கக் கோருதல் – பிற கோரிக்கைகள் – தொடர்பாக.

பார்வை: இப்பொருள் குறித்து எங்கள் சங்கம் முன்னர் அளித்த மனுக்களும் நினைவூட்டல்களும்.

ஐயா,

பெரியபட்டினத்திலும் சுற்றியுள்ள கடலோர ஊர்களிலும் பட்டம் பெற்று நெடுநாளாக வேலை தேடிவரும் இளைஞர்களின் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம்.

எங்கள் முதல் மனுவில் கேட்டது ஒன்றுதான்: பொறியியல் படித்துவிட்டு வேலையின்றி இருப்பவர், ஏழைக் குடும்பத்தவராயிருந்தும் உதவித்தொகை பெற முடியாதது ஏன்? மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளதாக ஒரு வரியில் பதில் வந்தது. நினைவூட்டல் அனுப்பினோம். தொழிற்பட்டதாரிகள் விதிகளின்படி தகுதியற்றவர்கள் என்று அடுத்த பதில் வந்தது. அவ்விதி இருப்பதை அறிந்துதான் மனுவே எழுதினோம். அதை மாற்றுங்கள் என்பதுதான் கோரிக்கை. இதை விளக்கி மீண்டும் எழுதியபோதும் விதியையே எடுத்தெழுதி அனுப்பினார்கள். ஆகவே விதியை எழுதும் இடத்துக்கே இப்போது வருகிறோம். முன்னர் சொன்னவற்றையே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருப்பவருக்கு இத்திட்டம் மூன்றாண்டு உதவி தருகிறது. பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலைக் கல்வி முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை அறிவியல் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர் விண்ணப்பிக்கவே கூடாது.

ஒரே தெருவில் இரண்டு வீடுகள். இரண்டிலும் தகப்பனார் கடலுக்குப் போகிறார், தாயார் கடல்பாசி எடுக்கிறார். ஒரு வீட்டுப் பிள்ளை பி.ஏ., அடுத்த வீட்டுப் பிள்ளை பி.இ. இருவரும் பதிந்து ஐந்தாண்டு காத்திருக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் இரு குடும்பத்துக்கும் ஒரே வருமானத்தைச் சான்றளிக்கிறார்கள். முதல் பிள்ளைக்கு 600 ரூபாய் கிடைக்கிறது, இரண்டாமவருக்கு ஒன்றுமில்லை. இரண்டாமவரும் பத்தும் பன்னிரண்டும் தேறியவர்தான். பன்னிரண்டோடு நின்றிருந்தால் 400 ரூபாய்க்காவது தகுதி இருந்திருக்கும். மேலே நான்காண்டு படித்ததால் அதையும் இழந்தார்.

72,000 ரூபாய் வரம்பு இருக்கும்போது பட்டத்தைப் பார்க்க வேண்டிய தேவை என்ன? வசதியுள்ள பொறியாளரை அந்த வரம்பே விலக்கிவிடும். அதற்குள் வருபவரோ மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் வருமானமில்லாத வீட்டுப் பிள்ளை என்பதை அரசே சான்றளித்து ஒப்புக்கொள்கிறது. பிறகு பட்டத்தைக் காட்டி அவரை வெளியே நிறுத்துவது, பட்டத்தையே வருமானமாகக் கணக்கிடுவதாகும். பட்டம் வருமானமல்ல என்பதே இம்மனுவின் சாரம்.

தொழிற்பட்டம் பெற்றவருக்கு வேலை தேடி வரும் என்ற நம்பிக்கையில் இவ்விதி எழுதப்பட்டிருக்கலாம். 1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தோன்றியபோதே கீழக்கரையிலும் ஒரு கல்லூரி எழுந்தது; பொறியியல் படிப்பு எங்கள் வாசலுக்கே வந்தது. வேலை அப்படி வரவில்லை. 2019-இல் கோவை மாநகராட்சியின் 549 தூய்மைப் பணியாளர் பணியிடங்களுக்கு ஏறத்தாழ 7,000 பேர் முண்டியடித்தார்கள். அவர்களில் பொறியாளர்களும் இருந்ததை நாடே பார்த்தது. அந்த வரிசையில் நின்றவரை, வேலையே தேடி வரும் வகையினர் என்று சொல்ல இயலுமா?

தாங்கள் தனிக் கவனம் தர வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் தரும் சட்டம் 2021-இல் வந்தது. கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. அதை நன்றியோடு நினைக்கிறோம். அவ்வாண்டு பொறியியலில் சேர்ந்தவர்கள் 2025-இல் படித்து முடித்தார்கள். ஏழை என்று அரசே தேடிப் பிடித்துப் பணம் கட்டிப் படிக்கவைத்த அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் போனால், அரசு தந்த அதே பட்டம் அவரை உதவித்தொகையிலிருந்து விலக்கும். முதல் பட்டதாரிச் சலுகையில் படித்தவர்களின் நிலையும் இதுவே.

கல்விக் கடன் பெற்றவர் பாடு இன்னும் கடினம். படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடுகிறது. உதவித்தொகைக்கோ ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். நடுவில் உள்ள நான்காண்டுகளில்தான் வீட்டு நகைகள் அடகுக்குப் போகின்றன, தங்கையின் திருமணப் பேச்சு தள்ளிப்போகிறது, வேலை தேடுபவர் உறவினர் விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திக்கொள்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்குக் காத்திருப்பு ஓராண்டுதான் என்று இத்திட்டத்திலேயே முறையான விதி உள்ளது. கடன் தவணை தொடங்கியவர்களுக்கும் ஓராண்டு என்று குறைக்க அதுவே முன்னுதாரணம்.

கிடைத்த வேலையைப் பார்க்கலாமே என்பார்கள். பார்க்கத்தான் போகிறோம். தனியார் வேலைவாய்ப்பு முகாம்களில் விற்பனைக்கும் காவலுக்கும் ஆள் எடுப்போர் எங்கள் சான்றிதழைப் புரட்டிவிட்டு, “நீங்க நிலைக்க மாட்டீங்க தம்பி” என்று திருப்பித் தருகிறார்கள். தேவைக்கு மேல் படித்திருப்பதைக் காரணம் காட்டி ஒருவரைப் பரிசீலிக்கவே மறுப்பது பகுத்தறிவுக்கு ஒத்ததல்ல என்று, நாகபுரி மாவட்ட நீதிமன்றப் பியூன் பணி தொடர்பான வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அது அவ்வழக்கின் சூழலுக்குச் சொன்னது என்று நீதிமன்றமே குறித்திருப்பதை நாங்கள் மறைக்கவில்லை. 2020 நவம்பரில், பட்டம் பெற்றதை மறைத்துப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் பியூன் வேலை பெற்றவரின் வழக்கில், அதே நீதிமன்றம் வங்கியின் பக்கம் தீர்ப்பளித்ததையும் அறிவோம். ஆக, பட்டத்தைக் காட்டினால் வேலை மறுக்கப்படுகிறது, மறைத்தால் வேலை பறிபோகிறது. உதவித்தொகை விதியும் அந்தப் பட்டத்தையே தடையாக்கினால் இந்த இளைஞர் எங்கே போவார்?

எங்கள் ஊரில் அதற்குப் பதில், சபர் போவது, அதாவது பிழைப்புத் தேடி வெளிநாடு செல்வது. பி.இ. முடித்தவர் உதவியாளர் விசாவிலும், சுற்றுலா விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையிலும் கடல் கடக்கிறார். அவர் படித்த படிப்பு அங்கும் பயன்படுவதில்லை.

மாதம் 600 ரூபாய் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றாது என்பது தெரியும். தேர்வுக் கட்டணத்துக்கும் மதுரைக்கோ சென்னைக்கோ நேர்முகத் தேர்வுக்குப் போகும் பேருந்துச் செலவுக்கும் தகப்பனாரிடம் கைநீட்டாமல் இருக்க அது உதவும். எனவே தொழிற்பட்டதாரிகளை விலக்கும் நிபந்தனையை முழுமையாக நீக்கி, வருமான வரம்பை மட்டும் அளவுகோலாகக் கொள்ள அரசாணை வெளியிட வேண்டுகிறோம்.

இதனுடன் கீழ்க்காணும் கோரிக்கைகளையும் பணிவுடன் முன்வைக்கிறோம்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்குக் கீழக்கரை வட்டத்தில் ஒரு கிளை அமைக்க வேண்டும்.

தனியார் வேலைவாய்ப்பு முகாம்களில் பங்கேற்கும் நிறுவனங்களின் பணியிடம், கல்வித்தகுதி, ஊதியம் ஆகியவற்றை முன்கூட்டியே வெளியிட வேண்டும்.

1978-இல் அரசு நிறுவிய அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தின் பதிவு முகாமை இம்மாவட்டக் கடலோர ஊர்களில் ஆண்டுதோறும் நடத்த வேண்டும்.

2018-இல் முன்னேற விழையும் மாவட்டமாக அறிவிக்கப்பட்ட ராமநாதபுரத்தில், திறன் மேம்பாட்டுக்கான மாவட்டத் திட்டத்தில் படித்து முடித்துவிட்ட தொழிற்பட்டதாரிகளையும் சேர்க்க வேண்டும்.

மேற்கண்டவற்றில் எதையேனும் ஏற்க இயலாவிடில், காரணத்தை ஒரு மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறோம். நடப்பு விதியை மீண்டும் எடுத்தெழுதுவதைப் பதிலாகக் கொள்ள இயலாது. அவ்விதி ஏன் தொடர வேண்டும் என்பதற்கான காரணமே எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்,
பட்டதாரி இளைஞர் சங்கம், பெரியபட்டினம்.

நகல்: வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இயக்குநர் அவர்கள், சென்னை.