எந்த ஊர்ப் பனி, ஐயா?

மார்கழி பிறந்தால் கோலம் வருகிறதோ இல்லையோ, இந்த உபதேசம் வந்துவிடுகிறது. பத்து வருடம் முன்பு ஒரு ஞாயிறு மலரில் படித்தேன். பிறகு வீட்டுத்தோட்டக் கூட்டம் ஒன்றில் ஒருவர் ஒலிபெருக்கி பிடித்துச் சொன்னார். இப்போது விதைப் பொட்டலம் விற்பவரும் சொல்கிறார்: “பனிக்காலம் தோட்டத்துக்கு ஓய்வுக்காலம். பனியில் பூச்சி சாகும், நோய் உறங்கும், களை அடங்கும். தை முடியும்வரை செடியைச் சும்மா விடுங்கள்.”

சும்மா விட்டவர்களில் எங்கள் தெருத் தம்பியும் ஒருவர். போன வாரம் கம்பைநல்லூர் கடைவீதியில் என்னை நிறுத்தி ஓர் அவரைக் கொழுந்தை நீட்டினார். மை பூசியதுபோல் காம்பு முழுக்கக் கருப்பு அசுவினி. “பனி பேஞ்சா செத்துரும்னாங்களே, அண்ணா?”

சொன்னவர் யாரும் பந்தல் பக்கம் வரப்போவதில்லை. நானே பதில் சொல்கிறேன்.

பனியில் பூச்சி சாகுமாம். எந்தப் பனி? தண்ணீர் கட்டியாகி மண் கல்லாகும் பனிக்குத் தமிழில் உறைபனி என்று பெயர். அதைப் பார்க்க நாம் ஊட்டிக்குத்தான் பஸ் ஏறவேண்டும். கம்பைநல்லூரில் விழுவது புல்நுனியில் நிற்கிற வெறும் பனித்துளி. தை மாத இரவிலும் இங்கே 17, 18 டிகிரி இருக்கும். நமக்குப் போர்வை வேண்டும், அசுவினிக்கு வேண்டாம். சீமைத் தோட்ட நூலைத் தமிழாக்கிய புண்ணியவான் உறைபனியையும் பனித்துளியையும் ஒரே ‘பனி’யில் அடைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லில் போயிற்று எங்கள் தம்பியின் பந்தல்.

சீமையில்கூட அசுவினி பனியில் ஒழிவதில்லை. குளிருக்கு முன்பே முட்டையிட்டுவிடும், முட்டை குளிரைத் தாங்கிக்கொள்ளும். நம் ஊரில் அந்தச் சிரமமும் கிடையாது. ஆண் துணையில்லாமலே பெண் அசுவினி நேரடியாகக் குஞ்சுகளை ஈனும். அந்தக் குஞ்சு தாயாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதற்கேற்ற பந்தியும் இந்த மாதத்தில்தான். நாட்டு அவரை, பொழுது குறுகினால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றியது மார்கழியில் கொத்துக் கொத்தாக நிற்கும். மாமரம் பூவெடுப்பதும், தத்துப்பூச்சி அந்தப் பூவில் சாறு உறிஞ்சுவதும் இதே பருவத்தில்தான். 2021 கடைசியில் ஆந்திர, தெலங்கானா மிளகாய்க் காடுகளைக் கருப்பு இலைப்பேன் சூறையாடியதே, அப்போது என்ன கத்தரி வெயிலா அடித்தது?

அடுத்து, நோய் உறங்குமாம். இதைக் கேட்டால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. பெரும்பாலான பூஞ்சை வித்துகள் முளைக்க இலைமேல் சில மணி நேரம் ஈரம் நிற்கவேண்டும். மழை பெய்து ஓய்ந்தால் வெயிலும் காற்றும் இலையை உலர்த்திவிடும். பனி அப்படியா? ராத்திரியெல்லாம் நனைக்கும், காலை எட்டு மணி தாண்டியும் இலைநுனியில் தொங்கும். ஒரு நாள் அல்ல, இரண்டு மாதம், தினமும். பீர்க்கன் கொடியில் அடிச்சாம்பல் நோய்க்கும் தக்காளியில் இலைக்கருகலுக்கும் இதைவிட நல்ல நாற்றங்கால் யார் போட்டுத் தருவார்? அவரை இலையிலும் மாம்பூவிலும் மாவு தூவியதுபோல் படரும் சாம்பல் நோய்க்கு இலைமேல் தண்ணீர்கூட வேண்டாம். ராத்திரி ஈரக்காற்றும் பகல் வறட்சியும் போதும், அதாவது அசல் தை மாதம் போதும். உருளைக்கிழங்கையும் தக்காளியையும் அழுக வைக்கும் பின்கருகல் நோய் குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்த இடத்தைத் தேடிப் போய்க் குடியேறும் சாதி. 1845இல் அயர்லாந்தில் அது புகுந்த பிறகு வந்த பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். குளிர் பட்டால் நோய் உறங்கும் என்று அதற்கு யாரும் தாலாட்டுப் பாடவில்லை போலும்.

களை அடங்குமாம். கோரையைப் பிடுங்கிப் பாருங்கள், கிழங்கு மண்ணுக்குள் இருந்து சிரிக்கும். ஐப்பசி மழையில் முளைத்த பார்த்தீனியம் மார்கழியில் வெள்ளையாகப் பூத்து விதை கொட்டும். ஓய்வெடுக்கிற ஒரு ஜீவன் உண்டு, மறுக்கவில்லை: பார்த்தீனியத்தைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984இல் பெங்களூரில் விட்ட வண்டு. குளிர் மாதங்களில் அது மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், கோடை மழைக்குப் பிறகுதான் எழும். ஆக, பகை விழித்திருக்க நட்பு உறங்கும் காலம் இது. ஞாயிறு மலர் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டது.

‘பெரிய பெரிய நூல்களில் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கட்டும், அந்த ஊருக்கு.

நம் மண்ணில் பூச்சியைக் கொல்வது சித்திரை வெயில். கோடை உழவு என்று ஒன்றை வைத்ததே அதற்குத்தான். புரட்டிப் போட்ட மண்ணில் கூட்டுப்புழு வெந்து சாகும், மிச்சத்தைக் காக்கையும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். கோரைக் கிழங்கும் அந்த வெயிலில்தான் காயும். பனியால் ஆவது ஒன்றே ஒன்று. எங்கள் ஆயா விடியலில், பனி ஈரம் காயுமுன், அடுப்புச் சாம்பலைச் சலித்து அவரைக் கொழுந்தில் தூவுவார். ஈரத்தில் சாம்பல் ஒட்டும், அசுவினி உதிரும். கொன்றது சாம்பல், பனி வெறும் பசை.

இதைத் தம்பியிடம் சொன்னேன். “கேஸ் அடுப்புங்கண்ணா. சாம்பலுக்கு எங்க போறது?” என்றார்.

“அந்த ஞாயிறு மலர் இன்னும் வெச்சிருக்கியா?” என்றேன்.