பிரபுப் பட்டமும் மக்கள் வாக்கும்

தந்தை கண்மூடினால் மகன் பிரபு! மக்களைக் கேட்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பரம்பரை நீதி இது!

ஸ்டான்ஸ்கேட் குடும்பத்தைப் பார்ப்போம். 1929 முதல் 1931 வரை இந்தியா மந்திரியாக இருந்த வெட்ஜ்வுட் பென், 1942-ல் பிரபுவாக்கப்பட்டார், 1960-ல் மறைந்தார். பட்டம் மகன் டோனி பென் தலையில் விழுந்தது. அவரோ பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர். பிரபுவுக்குக் காமன்ஸ் சபையில் இடமில்லை என்றது சட்டம். 1961 இடைத்தேர்தலில் நின்றார், வென்றார். தேர்தல் நீதிமன்றமோ, தோற்ற கன்சர்வேடிவ் வேட்பாளருக்கே இடத்தைத் தந்தது. வாக்கு தோற்றது, வம்சம் வென்றது!

சளைத்தாரா பென்? போராடினார். பட்டம் துறக்க 1963-ல் சட்டம் வந்தது. முதல் ஆளாகத் துறந்தார். மீண்டும் மக்கள் சபை புகுந்தார்.

ஆனால் தோழர்களே, அந்தத் துறவு அவர் ஆயுள் வரைதான்! 2014-ல் அவர் மறைந்ததும் மூத்த மகன் பிரபுவானார். 1999-ல் பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றிய சட்டமும் 92 இடங்களை விட்டுவைத்ததே! அந்த வழியே 2021-ல் அவர் பிரபுக்கள் சபையில் அமர்ந்தார்.

தனிமனிதரை நாம் பழிக்கவில்லை. ஒருவர் உதறினால் பிறவிப் பெருமை ஒழியாது. கிளையை வெட்டினால் துளிர்க்கும். வேரைப் பறித்தால்தான் விடியும்!