பிள்ளைகளை எந்தத் தராசில் நிறுக்கிறோம்?

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியான சில நாள்களில் நம் மஹல்லாக்களில் ஆண்டுதோறும் ஒரு விழா நடைபெறுகிறது. கிராஅத்துடன் தொடங்குகிறது. கல்வியின் சிறப்பைப் பற்றி ஆலிம் ஒருவர் உரையாற்றுகிறார். பின்னர் முதல் மூன்று மதிப்பெண்கள் பெற்ற பிள்ளைகள் மேடைக்கு அழைக்கப்படுகின்றனர். கேடயம், ரொக்கப் பரிசு, சால்வை, புகைப்படம். அன்றிரவே அந்தப் புகைப்படம் வாட்ஸ்அப் குழுக்கள் அனைத்தையும் சுற்றி வருகிறது. விழா இனிதே நிறைவுறுகிறது.

கீழே அமர்ந்திருந்த மற்ற பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டு வீடு திரும்பினார்கள் என்று நாம் கேட்பதில்லை. தேர்ச்சி பெறாத பிள்ளை அந்த மாலையில் எங்கே இருந்தான் என்றும் கேட்பதில்லை. அவன் விழாவுக்கே வந்திருக்க மாட்டான். கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் மூழ்கியிருந்திருப்பான். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில், இளைஞர்களைக் கைப்பேசி சீரழிக்கிறது என்று மிம்பரிலிருந்து முழங்குவோம். மேடைக்கும் அந்தச் சாத்திய கதவுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

அந்தத் தொடர்பைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

ஒரே பாடம், இரண்டு ஆசிரியர்கள்

கல்வி பிள்ளைகளை உயர்த்துகிறது, ஊடகம் அவர்களைத் தாழ்த்துகிறது என்பது நம்மிடையே நிலவும் பொதுவான கருத்து. ஆனால் இன்றைய பள்ளியும் கைப்பேசியும் அடிப்படையில் ஒரே பாடத்தைத்தான் நடத்துகின்றன. ‘உன் மதிப்பு ஓர் எண். அது பிறர் பார்வைக்கு வைக்கப்படும். அடுத்தவனின் எண்ணைவிடக் குறைந்தால் நீ குறைந்தவன்.’ இதுவே அந்தப் பாடம். பகலில் அதன் பெயர் மதிப்பெண். இரவில் அதன் பெயர் லைக், ஃபாலோயர், வியூஸ்.

ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிமுகமானது. அதற்கு வெகுகாலம் முன்பே நம் வீடுகளில் அந்தப் பொத்தான் இருந்தது. விருந்தினர் முன்னிலையில் பிள்ளையை நிறுத்தி, ‘எத்தனை மார்க்?’ என்று கேட்ட ஒவ்வொரு முறையும் நாம் அதை அழுத்தினோம். அமெரிக்க நிறுவனம் நம் பிள்ளைகளுக்குப் புதிய நோயைக் கொண்டுவரவில்லை. நாம் வளர்த்து வைத்திருந்த நோய்க்கு ஒரு சந்தையைக் கண்டுபிடித்தது.

இந்தப் பாடத்தின் விலை என்ன? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் தம் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். ஒவ்வொரு மரணத்துக்கும் ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால், தோற்றாலும் தன்னை ஏற்றுக்கொள்ளும் ஓர் இடம் உண்டு என்ற உறுதியைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறோமா என்ற கேள்வியிலிருந்து எந்தக் குடும்பமும், எந்த ஜமாஅத்தும் தப்பிக்க முடியாது.

மருத்துவப் படிப்பையே எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு நீட் தேர்வை எழுதியோர் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவை. எத்தனை பேர் எவ்வளவு கடுமையாக உழைத்தாலும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை என்பது தேர்வுக்கு முன்பே தெரிந்த கணக்கு. அவர்களின் திறமை பற்றிய தீர்ப்பன்று அது. இதை அறிந்தும், இடம் கிடைக்காத பிள்ளையை ‘தோற்றவன்’ என்று அழைக்கும் துணிச்சல் நமக்கு எப்படி வந்தது?

கைப்பேசியைக் குற்றவாளியாக்கினால் போதுமா?

கைப்பேசியை நாம் நிரபராதி என்று சொல்லவில்லை. சமூக ஊடகங்கள் தற்செயலாகப் பழக்கமாகிவிட்டவை அல்ல. எப்போது வெகுமதி கிடைக்கும் என்று தெரியாத நிலையில்தான் ஓர் உயிர் திரும்பத் திரும்ப முயலும் என்பதைப் புறாக்களை வைத்து உளவியலாளர் ஸ்கின்னர் ஆராய்ந்து காட்டினார். விரலால் திரையை இழுத்து, அடுத்து என்ன வருமோ என்று காத்திருக்கும் நம் பிள்ளையின் நிலையும் அதுவே.

ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சிஸ் ஹாகன் 2021இல் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்கள் உலகையே திடுக்கிட வைத்தன. தம் உடல் தோற்றம் குறித்த மனக்குறை ஏற்கெனவே உள்ள பதின்பருவப் பெண்களில் மூவரில் ஒருவர், இன்ஸ்டாகிராம் அக்குறையை மேலும் மோசமாக்குவதாக அந்நிறுவனத்தின் ஆய்விலேயே கூறியிருந்தனர். பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை ஆஸ்திரேலியா 2024இல் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆகவே தீமை இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

நம் கேள்வி வேறு. அந்தத் தீமையின் வாசலுக்குப் பிள்ளையை அனுப்பியது யார்? ஃபஜ்ருக்குப் பின் ஒரு டியூஷன், பகல் முழுவதும் பள்ளி, அஸருக்குப் பின் மற்றொரு டியூஷன், மக்ரிபுக்குப் பின் வீட்டுப்பாடம், ஞாயிற்றுக்கிழமை பயிற்சி மையம். முன்பு அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையே பள்ளிவாசல் திடலில் ஓடிய கால்கள் இன்று மேசைக்கடியில் மடங்கிக் கிடக்கின்றன. மாலை மக்தப் மத்ரஸாவும் பத்தாம் வகுப்பு வந்தவுடன் நின்றுவிடுகிறது. அதை நிறுத்துவது பிள்ளையன்று, நாம்தான். இரவு பத்து மணிக்கு அவனுக்கென்று மிஞ்சுவது அரை மணி நேரமும் ஒரு திரையும் மட்டுமே. வேறெல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டு, திறந்திருந்த ஒரே கதவின் வழியே ஏன் போனாய் என்று அவனை அதட்டுகிறோம்.

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, பாடசாலையிலிருந்து திரும்பும் சிறுவன் களைப்புத் தீர நல்ல விளையாட்டில் ஈடுபட அனுமதிக்கப்பட வேண்டும் என்கிறார். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிப்பில் வதைப்பது அவனது உள்ளத்தைச் சாகடித்து, அறிவுக்கூர்மையையும் மழுங்கடிக்கும் என்று எச்சரிக்கிறார். கைப்பேசியும் பயிற்சி மையமும் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட எச்சரிக்கை இது. அதைப் படித்துக்கொடுக்கும் ஆலிம்கள் நம்மிடம் உள்ளனர். ஆனால் அதன்படி ஒரு மாலைப்பொழுதை விட்டுவைக்க நமக்கு மனம் வரவில்லை.

மார்க்கமும் காட்சிப்பொருளானது

இதைவிட வேதனையான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உலகக் கல்வியின் போட்டி மனப்பான்மையிலிருந்து பிள்ளைகளைக் காக்க வேண்டிய மார்க்கக் கல்வியையே நாம் அதே மேடையில் ஏற்றிவிட்டோம். ஐந்து வயதுப் பிள்ளை சூரா ஓதும் காணொளியைப் பதிவேற்றி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பெற்றோர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். ஹிஃப்ழு மாணவனின் கண்ணீரும் விளம்பரப் படமாகிவிட்டது.

தீர்ப்பு நாளில் முதலில் விசாரிக்கப்படும் மூவரைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் நபிமொழியை நாம் அறியாதவர்கள் அல்லர். அவர்களில் ஒருவர் கல்வி கற்று, பிறருக்கும் கற்பித்து, குர்ஆன் ஓதியவர். ஆனால் அறிஞர் என்றும் நல்ல ஓதுநர் என்றும் மக்கள் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவற்றைச் செய்தவர். அவருடைய முடிவு என்னவென்று கேட்டாலே உள்ளம் நடுங்கும். முகஸ்துதியின் முதல் பாடத்தை, நல்லது கெட்டது பிரித்தறியாத வயதிலேயே நம் கையால் ஊட்டிவிட்டு, வளர்ந்த பிறகு அவன் லைக்குகளுக்காக ஏங்குகிறான் என்று புலம்புவதில் என்ன நியாயம் இருக்கிறது?

‘மதிப்பெண் இல்லாமல் சமுதாயம் எப்படி முன்னேறும்?’

இவ்வாறு எழுதும்போது ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். இந்திய முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவை 2006இல் சச்சார் குழு அறிக்கை எடுத்துக்காட்டியது. 2007இல் தமிழகத்தில் 3.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு கிடைத்தது. இப்போதுதான் நம் பிள்ளைகள் தலைநிமிரத் தொடங்கியுள்ளனர். இந்த நேரத்தில் மதிப்பெண்ணைக் குறை சொல்லலாமா என்பார்கள்.

கவலை நியாயமானது. கல்வி வேண்டாம் என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் எழுந்தபோது, முன்னோர்கள் அடைபட்ட கதவுகளைத் திறந்தார்கள். வாய்ப்பற்றவனுக்கு வாய்ப்புத் தருவதே அவர்கள் செய்த பணி. நாம் செய்வதோ, ஏற்கெனவே வென்றவனுக்கு மாலை போடுவது. மூவருக்குக் கேடயம் கொடுக்கும் தொகையில், தேர்ச்சி பெறாத மாணவனின் துணைத்தேர்வுக் கட்டணத்தைச் செலுத்தி, பாடம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரையும் அமர்த்தலாம். சமுதாயத்தை எது உயர்த்தும்?

மேலும், 2017ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு பொதுத்தேர்வுகளில் மாநில, மாவட்டத் தரவரிசை வெளியிடுவதைக் கைவிட்டது. மாணவர்களின் மனஅழுத்தத்தைக் கருதி அரசே விட்டுவிட்ட ஒன்றை, ரஹ்மத்தைப் பற்றிப் பேசும் நாம் ஃபிளக்ஸ் பலகையில் அச்சிட்டுப் பள்ளிவாசல் வாசலில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் காட்டிய தராசு

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் பறிக்க மரமேறியபோது காற்றில் ஆடை விலகி, அவர்களின் மெலிந்த கால்கள் தெரிந்தன. தோழர்கள் சிரித்தார்கள். அந்தக் கால்கள் மறுமையின் தராசில் உஹத் மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பிறர் சிரித்த இடத்திலேயே, பிறர் காதுபட, அந்தத் தோழரின் மதிப்பை எடுத்துரைத்தார்கள். நம் பிள்ளையைப் பார்த்து உறவினர் சிரிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் நாமும் சேர்ந்து சிரிக்கிறோம்.

குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது இடையே வந்த பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு ‘அபஸ’ அத்தியாயம் அருளப்பட்டது. செல்வாக்குள்ளவர்மீது கவனம் செலுத்தி, தேடி வந்த எளியவரை விட்டுவிடலாகாது என்று இறைவன் உணர்த்தினான். இன்று நம் மஹல்லாவில் அந்த எளியவர் யார்? பெயர் வாசிக்கப்படாத பிள்ளை அல்லவா?

பத்தாண்டுகள் பணிவிடை செய்த சிறுவர் அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூடச் சீ என்று சொன்னதில்லை. அந்தச் சிறுவர்தான் பிற்காலத்தில் இந்த உம்மத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நபிமொழிகளை அறிவித்தார். அச்சுறுத்தல் இன்றி வளர்ந்த பிள்ளை எவ்வளவு பெரிய அமானிதத்தைச் சுமக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் வேண்டுவது இதுதான். பரிசளிப்பு விழாவில் தரவரிசையைக் கைவிடுங்கள். தேர்வெழுதிய அனைவரையும் அழைத்து, அனைவருக்காகவும் துஆ செய்யுங்கள். தேர்ச்சி பெறாதவரின் வீட்டுக்கு விழாவுக்கு முன்பே செல்லுங்கள். அஸருக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுங்கள். பள்ளிவாசல் திடலைப் பூட்டாதீர்கள். மனம் நொந்த பிள்ளையிடம் அறிவுரை கூறாமல் காதுகொடுத்துக் கேட்க ஒருவரையாவது நியமியுங்கள். நிலைமை கைமீறும் என்று தோன்றினால் அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. அதை அழைப்பது ஈமானின் குறைவன்று. நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி.

பெற்றோரிடம் வேண்டுவது இன்னும் எளியது. இரவில் கைப்பேசிகள் அனைத்தும் கூடத்தில் ஓரிடத்தில் உறங்கட்டும், நம்முடையவையும் சேர்த்து. பிள்ளை குர்ஆன் ஓதினால் கேட்டு மகிழுங்கள், படம் பிடிக்காதீர்கள். பள்ளிவிட்டு வந்தவுடன் ‘எத்தனை மார்க்?’ என்று கேட்கும் வழக்கத்தை ஒரு மாதம் நிறுத்திவிட்டு, ‘சாப்பிட்டாயா? இன்று என்ன நடந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். முதலில் பதில் வராது. பொறுத்திருங்கள், வரும்.

மகனுக்கு அறிவுரை கூறிய லுக்மான் (அலை) அவர்கள், கடுகளவு செயலும் இறைவனின் கணக்கிலிருந்து தப்பாது என்பதை நினைவூட்டினார்கள். அந்தக் கணக்கில் நம் பிள்ளையின் மதிப்பெண்ணைவிட, அவன் உடைந்து நின்ற நாளில் நாம் அவனிடம் சொன்ன ஒரு சொல்லைப் பற்றியே நாம் அதிகம் விசாரிக்கப்படக்கூடும்.

நம் சந்ததிகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவதோடு, அவர்கள் அஞ்சாமல் வந்தடையும் நிழலாக நம்மையும் ஆக்கி எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.