யார் கையில் அளவுகோல்?

அபிஷேகப்பாக்கம் போன்ற சிற்றூர்களில் அரசுப் பணியை நம்பி வாழும் குடும்பத்தாரை ஓர் ஐயம் வாட்டுகிறது: இனி செயல்திறனை அளந்துதான் ஊதிய உயர்வா?

ஐயத்திற்கு அடிப்படை உண்டு. புதுவை அரசு ஊழியர் பெறுவது மத்திய ஊதிய விகிதமே. 2015-இல் ஏழாவது மத்திய ஊதியக் குழு, செயல்திறன் சார்ந்த ஊதியத்தைப் பரிந்துரைத்தது. 2016 ஜூலையில் மத்திய அரசு ஏற்ற விதியோ இன்னும் கூரியது. 10, 20, 30 ஆண்டுப் பணிக்குப்பின் வரும் நிலை உயர்வுக்கு 'நன்று' போதாது, 'மிக நன்று' வேண்டும். முதல் 20 ஆண்டுகளுக்குள் அத்தகுதியை எட்டாதவருக்கு ஆண்டு உயர்வும் நிறுத்தப்படும்.

சோம்பலுக்குச் சம்பளம் கேட்போருக்காக நாம் வாதாடவில்லை. மனுவோடு வரும் ஏழையை அலைக்கழிக்கும் மேசைகளை நாம் அறிவோம். ஆயினும், நள்ளிரவில் ஒரு தாயின் அருகே விழித்திருந்த செவிலியின் பரிவை எந்தப் படிவம் காட்டும்? முதல் தலைமுறையாய்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் ஆசிரியரை நகரப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டால் அளப்பது முறையோ? மேலதிகாரிக்கு வணக்கம் வைக்கத் தெரிந்தவரே 'மிக நன்று' ஆகிவிடுவார். ஊதியம் உழைப்பவரின் வாழ்வைத் தாங்கவேண்டும் என 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ எழுதினார். அந்த அடிப்படையில் கைவைக்காது, அதற்கு மேலான ஊக்கத்தொகைக்கு மதிப்பெண் பார்க்கட்டும்.

தேவ் தத் என்னும் பொறியாளரின் பதவி உயர்வைத் தடுத்ததும் அவருக்குத் தெரிவிக்கப்படாத ஒரு 'நன்று' தான். ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவிக்கவேண்டும் என 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுப்புரைக்க 15 நாள் தருகிறது 2009-ஆம் ஆண்டின் ஆணை. ஆகவே, ஆண்டு மதிப்பீட்டறிக்கை கைக்கு வந்த அன்றே படியுங்கள். குறையிருப்பின் எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள்.